27 பேரில் 9 பேர்

மருந்தே இல்லாத மூளைநோய் சி.ஜே.டி. உலகெங்கும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது. அந்தக் கணக்கில் 2011 கணக்கெடுப்பின்படி 24 லட்சம் பேர் வாழும் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரலாம். போன மாதம் வரை நடவுக்கு ஆள் பேசியவர், சில வாரங்களில் வீட்டுக்கு வழி மறக்கிறார். கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வீட்டில் அதற்குப் பக்கவாதம் என்றோ வயசு என்றோ பெயர்.

இந்நோயில் தண்டுவட நீரில் 14-3-3 என்ற புரதம் தென்படுவதாக 1996இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூளையைத் துளைத்துத் திசு எடுக்காமலே துப்புக் கிடைத்தது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் புரதம், இந்நோயை உண்டாக்கும் பிரியான் அல்ல. நரம்பணுக்கள் வேகமாகச் சாகும்போது கசிவது. மூளையழற்சியிலும் பக்கவாதத்திலும்கூடக் கசியும். 2012இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி தொகுத்த கணக்குப்படி, நோய் உள்ளவர்களில் 92 சதவீதத்தினரை அது பிடிக்கிறது. இல்லாதவர்களில் 20 சதவீதத்தினரையும் பிடித்துவிடுகிறது.

விரைவாக நினைவிழந்த நூறு பேரில் பத்துப் பேருக்கு சி.ஜே.டி. என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேரைச் சோதனை சரியாகக் காட்டும். மீதித் தொண்ணூறில் பதினெட்டுப் பேரையும் சேர்த்துக் காட்டும். 'பாசிட்டிவ்' வந்த 27 பேரில் 9 பேருக்குத்தான் நோய். அந்தப் பதினெட்டுப் பேரில் காசநோய் மூளைச்சவ்வழற்சியோ, ஸ்டீராய்டுக்கு அடங்கும் தன்னெதிர்ப்பு மூளையழற்சியோ உள்ளவர் இருக்கலாம். அவரைக் கைவிட்டு வீட்டுக்கு அனுப்புவதுதான் இந்தச் சோதனையின் ஆகக் கொடிய பிழை.

ஆர்.டி.-குயிக் சோதனை வேறு வகை. திரிந்த பிரியானையே தேடுகிறது. நோயில்லாதவரை அநேகமாகத் தவறாகக் காட்டுவதில்லை. ஆனால் நீரில் ரத்தம் கலந்தால் வினை தடைபடும். மாதிரியைக் குளிரூட்டித் தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

அதே நீரில் அணுக்களை எண்ணும் எளிய சோதனையை உள்ளூர் ஆய்வகமே அன்றைக்கே செய்துவிடும். சி.ஜே.டி.யில் பெரும்பாலும் எண்ணிக்கை கூடுவதில்லை. கூடியிருந்தால் முதலில் தொற்றையும் அழற்சியையும் தேட வேண்டும். 14-3-3ஐவிட இந்த எண்ணிக்கையையே நான் முதலில் கேட்பேன். இந்த நீரை எடுக்க முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று அஞ்சும் குடும்பம் இரண்டாம் முறை சம்மதிப்பது கடினம். எனவே கிடைத்த ஒரே முறையில் அணு எண்ணிக்கை, காசநோய், ஹெர்பிஸ், தன்னெதிர்ப்புப் புரதங்கள் ஆகியவற்றுக்கு நீரைப் பிரித்து வைத்த பிறகே பிரியானுக்கு அனுப்ப வேண்டும்.