பிராக்கெட் எங்கே அமர வேண்டும்?

பல்லுக்குக் கிளிப் போட வருகிற பிள்ளையும் கூட வருகிற பெற்றோரும் கம்பியைத்தான் பார்க்கிறார்கள். “இந்தத் தடவை கம்பி மாத்தினாங்களா, இறுக்கினாங்களா?” என்பதுதான் வீட்டில் எழும் கேள்வி. ஆனால் கம்பிக்குச் சொந்தத் தீர்மானம் என்று ஒன்றும் கிடையாது. பற்களில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டுகளின் ஸ்லாட்டுகளை, அதாவது கம்பி அமரும் பள்ளங்களை எல்லாம் ஒரே வரிசைக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. மேல்வரிசைப் பல்லில் பிராக்கெட் 1 மி.மீ. ஈறுப் பக்கமாக ஏறிவிட்டால், அந்தப் பல் 1 மி.மீ. கீழே இறங்கி நிற்கும். பிராக்கெட் சாய்ந்திருந்தால் வேரும் சாயும். பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் பல் திரும்பிக்கொள்ளும். நாம் செய்த பிழையைக் கம்பி சிறிதும் பிசகாமல் நிறைவேற்றிவிடும். ஒட்டும் அந்தச் சில நிமிடங்களிலேயே சிகிச்சையின் முடிவில் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த எண்ணம் தொடக்கத்தில் இத்தனை கூர்மையாக இல்லை. அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிள் (1855–1930) எட்ஜ்வைஸ் முறையைக் கொண்டுவந்தபோது, பல்லைச் சுற்றி உலோகப் பட்டை மாட்டி அதில்தான் பிராக்கெட்டைப் பொருத்தினார்கள். பட்டை எங்கே இறுக்கமாக உட்காருகிறதோ அங்கேதான் பிராக்கெட்டுக்கும் இடம். உயரத்திலோ சாய்விலோ குறை இருந்தால் மருத்துவரின் இடுக்கி அதை ஈடுகட்டியது. கம்பியை உள்ளே வெளியே வளைத்தார்கள், மேலே கீழே வளைத்தார்கள், முறுக்கினார்கள். ஆங்கிளிடம் பயின்ற அரிசோனாவின் சார்லஸ் ட்வீட் போன்றோரின் புகழ் அந்தக் கைத்திறனில் விளைந்தது. பிராக்கெட் எல்லாப் பல்லுக்கும் ஏறத்தாழ ஒன்றே. வித்தை முழுவதும் வளைவில் இருந்தது.

ஆங்கிளின் இன்னொரு மாணவர் ரேமண்ட் பெக் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குத் திரும்பி வேறு வழி கண்டார். மெல்லிய வட்டக் கம்பி, ஒடுங்கிய பிராக்கெட். பல்லை முதலில் தாராளமாகச் சாயவிட்டு, பிறகு சிறு ஸ்பிரிங்குகளால் வேரை நிமிர்த்துவது. சாய்வைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் என்பதால், பிராக்கெட் சற்றுச் சரிந்திருந்தாலும் பெக் முறை பொறுத்துக்கொள்ளும். உயரத்தில் மட்டும் பொறுக்காது. இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு தலைமுறை இந்த முறையில்தான் கை பழகியது. அவர்களில் பலருக்கு இன்றும் பல்லின் அசைவைப் பற்றி இருக்கிற உள்ளுணர்வை நான் மதிக்கிறேன்.

இதற்கிடையே ஒட்டும் பசை வந்தது. 1955இல் மைக்கேல் புவனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். அடுத்த 10 ஆண்டுகளில் ஜார்ஜ் நியூமன் பிராக்கெட்டையே நேரடியாகப் பல்லில் ஒட்டும் வழியை எழுதினார். பட்டை போனது, கூடவே பட்டை விதித்த இடமும் போனது. இனி பிராக்கெட்டை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றானதும், எங்கே வைப்பது என்ற கேள்விக்கு முதன்முறையாக முழு எடை கிடைத்தது.

அதற்கு முதலில் பதில் சொன்னவர் சான் டியேகோவின் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ். சிகிச்சையே தேவைப்படாமல் இயற்கையிலேயே நன்றாக அமைந்த 120 பல்வரிசைகளின் வார்ப்புகளைச் சேகரித்து ஆராய்ந்து, நல்ல கடிக்கு உரிய ஆறு அடையாளங்களை 1972இல் வெளியிட்டார். கம்பியில் போட்டுவந்த வளைவுகளையெல்லாம் பிராக்கெட்டுக்குள்ளேயே செதுக்கிவிட்டார். மேல் நடு வெட்டுப்பல்லுக்கு 5 டிகிரி சாய்வு, 7 டிகிரி டார்க், அதாவது உள்–வெளிச் சாய்வு. கோரைப்பல்லுக்கு 11 டிகிரி சாய்வு. இப்படி ஒவ்வொரு பல்லுக்கும் தனிப் பிராக்கெட். கம்பி நேராக இருந்தால் போதும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: வெளியே தெரியும் பல்பரப்பின் நெடுக்கச்சின் நடுப்புள்ளியில் பிராக்கெட் அமர வேண்டும். பல்லின் முன்பக்கம் வளைந்த பரப்பு. அந்தப் புள்ளியை விட்டு மேலோ கீழோ போனால் உயரம் மட்டுமா மாறும்? செதுக்கி வைத்த டார்க்கும் மாறிவிடும்.

நடுப்புள்ளியைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னார் ஆண்ட்ரூஸ். பயின்ற கண் நடுவை நன்றாகவே காணும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிக்கல் பல்லில்தான் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பல் பாதிதான் முளைத்திருக்கும். துலக்காத வாயில் ஈறு வீங்கி மூடியிருக்கும். தெரிகிற பரப்பின் நடு, உண்மையான நடுவாக இருக்காது. இங்கேதான் ரிச்சர்ட் மெக்லாஃப்லினும் ஜான் பென்னெட்டும் 1990களில் ஓர் அளவு அட்டவணையோடு வந்தார்கள். ஹ்யூகோ ட்ரெவிசியும் சேர, அது எம்பிடி முறையாயிற்று. ஈறை நம்பாமல் வெட்டு விளிம்பிலிருந்து கேஜ் வைத்து அளப்பது அவர்கள் வழி. நடுத்தர அளவுள்ள பற்களுக்கு மேல் நடு வெட்டுப்பல் 5 மி.மீ., பக்க வெட்டுப்பல் 4.5, கோரைப்பல் 5, முதல் கடைவாய்ப்பல் 3. பல் பெரிதானால் அரை மி.மீ. கூட்டு, சிறிதானால் அரை குறை. டெக்சாஸின் விக் அலெக்சாண்டர் முன்கடைவாய்ப்பல்லை அடிப்படையாகப் பிடித்தார்: அதன் உயரம் எதுவோ, கோரைப்பல்லுக்கு அதைவிட அரை மி.மீ. அதிகம், பக்க வெட்டுப்பல்லுக்கு அரை குறைவு.

அட்டவணை புதியவர்களுக்குப் பெரிய துணை. ஆனால் அதையே வேதமாகப் பிடித்துக்கொள்வதை ஏற்க முடியவில்லை. விளிம்பு தேய்ந்த கோரைப்பல்லில் 5 மி.மீ. என்பது எதிலிருந்து 5? முனை உடைந்த வெட்டுப்பல்லில் கேஜ் எதைத் தொடும்? சியாட்டிலின் வின்சென்ட் கோகிச் இந்த இடத்தில்தான் நம் கண்ணைத் திருப்பினார். பின்பற்களில் அடுத்தடுத்த பற்களின் ஓரமேடுகள் (கடிக்கும் பரப்பின் ஓரத்து வரம்புகள்) சமமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். முன்பற்களில் ஈறுக்கோடு எப்படி விழுகிறது என்று பாருங்கள். தேய்ந்த விளிம்பைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றார். பிராக்கெட் வைப்பதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. ஒரு தனிப் பல்லை விட்டுவிட்டு, சிகிச்சை முடிந்து நிற்கப்போகும் வாயைப் பார்க்கச் சொல்கிறது.

வேலை நடக்கும்போது இதெல்லாம் சில நிமிடங்களுக்குள் அடங்கியாக வேண்டும். பல்லைத் தேய்த்துக் கழுவி, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் தடவி, கழுவி உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுக்கும். எச்சில் ஒரு துளி பட்டாலும் மறுபடி முதலிலிருந்து. அடித்தளத்தில் பசை வைத்த பிராக்கெட்டை நடுவுக்குச் சற்று அருகில் வைத்து, ஸ்கேலர் முனையால் மெல்லத் தள்ளிக் கொண்டுவர வேண்டும். நேர் எதிரே நின்று உயரமும் சாய்வும் பார்க்கலாம்; பக்கவாட்டு இடத்தைப் பல்லின் வெட்டு முனைப் பக்கமிருந்து கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். கோரைப்பல்லில் இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதன் முகடு நடுவில் இல்லை, முன்பக்கம் தள்ளியிருக்கிறது; பிராக்கெட்டும் அங்கேதான் போக வேண்டும். பிறகு அழுத்தம். பசை நாலாபக்கமும் பிதுங்கி வரும்வரை அழுத்தாவிட்டால், ஒருபுறம் தடித்த பசையே பல்லைத் திருப்பிவிடும். பிதுங்கியதைச் சுரண்டி எடுத்து, இன்னொரு முறை பார்த்து, அதன்பிறகே நீல ஒளி.

1972இல் சில்வர்மனும் கோஹனும் எழுதிய மறைமுக ஒட்டல், இந்த அவசரத்துக்கு மாற்று. வார்ப்பில் நிதானமாகப் பிராக்கெட்டுகளை அமர்த்தி, ஒரு தட்டில் எடுத்து, வாய்க்கு மொத்தமாக மாற்றுவது. பல்லின் உட்புறம் ஒட்டும் முறை ஜப்பானில் ஃபுஜிதாவிடமும் கலிபோர்னியாவில் கிரேவன் கர்ஸிடமும் உருவெடுத்தபோது மறைமுக வழி கட்டாயமே ஆயிற்று. உட்புறப் பரப்பு பல்லுக்குப் பல் அவ்வளவு மாறும். இன்று ஸ்கேனரும் முப்பரிமாண அச்சும் அந்தத் தட்டைச் செய்து தருகின்றன. பின்பற்களுக்கு இது பெரும் உதவி என்பேன். மென்பொருள் முன்மொழியும் இடத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதோ, பழைய அட்டவணையை அப்படியே ஏற்றுக்கொள்வதற்குச் சமம்.

முடிந்த வேலையை எடைபோடவும் அளவுகோல் உண்டு. 1929இல் தொடங்கிய அமெரிக்க ஆர்த்தோடான்டிக் வாரியம் தன் மதிப்பீட்டு முறையில் பல் வரிசை, ஓரமேடுகளின் சமநிலை, வேர்ச்சாய்வு முதலிய எட்டு அம்சங்களைப் பார்க்கிறது. ஓரமேட்டில் அரை மி.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஒரு புள்ளி குறையும், 1 மி.மீ.யைத் தாண்டினால் இரண்டு. இவற்றில் பல அம்சங்கள் பிராக்கெட் அமர்ந்த இடத்திலிருந்தே பிறப்பவை.

எனவே வரிசை ஓரளவு நேரானதும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று எடுத்து, வேர்கள் இணையாக நிற்கின்றனவா, ஓரமேடுகள் சமமா என்று பார்த்து, தவறிய பிராக்கெட்டுகளைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும். கம்பியை வளைத்துச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த வளைவை அடுத்த கம்பியிலும் அதற்கடுத்த கம்பியிலும் போட்டுக்கொண்டே இருக்க நேரும். மறுபடி ஒட்டினால் மெல்லிய நிக்கல் டைட்டானியம் கம்பிக்கு இறங்கி வர வேண்டும், சில வாரங்கள் கூடும். கிளிப் போடும் முதல் நாளிலேயே இதைப் பெற்றோரிடம் சொல்லி வைத்துவிட்டால், நடுவில் பிராக்கெட்டைக் கழற்றும்போது யாரும் பதற மாட்டார்கள்.