தட்டு ஒன்று, பெயர் மட்டும் வேறு!

ஆங்கிலத்தில் 'சாசர்டோட்டல்' என்றொரு சொல் உண்டு. பூசைத் தொழிலுக்கும் பூசை செய்வோர்க்கும் உரியது என்பது அதன் பொருள். இதனை ஒரே சொல்லால் தமிழாக்குக என்றால் புலவரும் தயங்குவர். 'அர்ச்சகருக்குரிய' என்பதா? 'பூசாரிக்குரிய' என்பதா? இரண்டும் ஒன்றெனச் சொல்ல ஊர் ஒப்பாது. காரணம் தமிழின் வறுமையன்று. ஒரே தொழிலுக்குப் பல பெயர் சூட்டிவைத்த சாதியின் சூழ்ச்சி!

திண்டுக்கல்லைச் சுற்றி வாருங்கள், தோழர்களே! நகரத்து அபிராமியம்மன் கோயிலில் கருவறைக்குள் நிற்பவர் குருக்கள். தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் பட்டர். சமவெளிச் சோளக்கொல்லை ஓரத்திலே கருப்பனுக்கும் காளிக்கும் கற்பூரம் காட்டுபவரோ, வெறும் பூசாரி! தட்டு ஒன்று, மணி ஒன்று, கற்பூரமும் ஒன்று. முன்னவரை 'சாமி' என்று விளித்துக் கைகட்டும் அதே வாய், பின்னவரை 'ஏய் பூசாரி' என்றழைக்கிறது. செயல் மாறவில்லை, பிறப்பு மாறிற்று, பெயரும் மாறிற்று.

அதே நகரிலே புனித வளனார் பேராலயம் இருக்கிறது. கத்தோலிக்கரும் 'குருக்கள்' என்ற சொல்லையே ஆள்கின்றனர். ஆயின் அங்கே அது குருமடத்தில் பல்லாண்டு பயின்று பெறும் பட்டம். இங்கே தந்தை வழி வரும் சொத்து. அங்கும் பெண்ணுக்குக் கதவு அடைப்புத்தான். சாதியும் அந்த மதிலைத் தாண்டியே இருக்கிறது. எனினும் ஓர் உண்மை விளங்குகிறது: சொல் குற்றமற்றது; சொல்லுக்குள் பிறப்பைப் பூட்டியதே குற்றம். அந்தணர் என்ற சொல்லுக்கு அறத்தையே இலக்கணமாக்கிய வள்ளுவர் பிறந்த நாடன்றோ இது!

"கடவுளை மறுக்கும் உனக்குக் கருவறையில் என்ன வேலை?" என்பர் சிலர். கடவுள் இருக்கிறதா என்பதல்ல இங்கே வழக்கு. மனிதன் தொட்டால் கல் தீட்டாகும் என்பது மனிதனுக்கு இழிவா இல்லையா என்பதே வழக்கு! அதனாற்றான் பெரியார் 1969இல் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். கலைஞர் அரசு 1970இல் சட்டம் இயற்றிப் பரம்பரை உரிமையை நீக்கியது. 1972இல் உச்சநீதிமன்றம் அந்நீக்கத்தை ஏற்றது. அர்ச்சகரை நியமிப்பது சமயச் செயலன்று என்றும் உரைத்தது. ஆனால் ஆகமம் என்னும் பூட்டை அப்படியே விட்டுவைத்தது. 2006இல் அரசு மீண்டும் ஆணை பிறப்பித்தது. நம் மாவட்டத்துப் பழனியிலும் பயிற்சிப் பள்ளி எழுந்தது. பயின்றோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2021 ஆகஸ்ட் 14 அன்று இருபத்துநால்வர் பணியாணை பெற்றனர். 2023இல் பெண்கள் மூவரும் பயிற்சி முடித்தனர்.

மகிழ்ச்சியே! ஆயினும் நம் அரசின் ஏடுகளைப் புரட்டுங்கள்: பயிற்சிப் பள்ளி 'அர்ச்சகருக்கு'; நல வாரியம் 'கிராமக் கோயில் பூசாரிக்கு'. கதவைத் திறந்தவர்களின் நாவிலும் பழைய வேலி நிற்கிறதே!

புதுச்சொல் தேட வேண்டா. பூசாரி என்ற எளிய சொல்லே போதும். அபிராமியம்மன் சந்நிதியிலும் பூசாரி, கருப்பன் திடலிலும் பூசாரி என எழுதுவோம், பேசுவோம். அப்படி அழைக்கையில் எவருக்கு முகம் சுளிக்கிறதோ, அங்கேதான் சாதி ஒளிந்திருக்கிறது!