லார்ட்ஸில் அந்த 78 பந்துகள்

‘மந்தமான ஆட்டம்’, ‘பொறுப்பான ஆட்டம்’ என்ற இரண்டு முத்திரைகளையும் ஒரே இன்னிங்ஸின்மேல் குத்திவிட முடியும். இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் 2025 ஜூலை 14 அன்று ரவீந்திர ஜடேஜா ஆடிய ஆட்டத்துக்கு அதுதான் நேர்ந்தது. இலக்கு 193. அவர் 181 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 61. இந்தியா 170 ரன்னுக்குச் சுருண்டு 22 ரன்னில் தோற்றது. கட்டை போட்டே தோற்கடித்தார் என்றது ஒரு தரப்பு. தனியாளாகப் போராடினார் என்றது இன்னொரு தரப்பு. இரண்டும் தீர்ப்புகள். களத்தில் என்ன நடந்தது என்பது இரண்டிலும் இல்லை.

உணவு இடைவேளையில் ஸ்கோர் 112க்கு 8. அதன்பின் பும்ராவும் ஜடேஜாவும் 22 ஓவர்கள் நின்று 35 ரன் சேர்த்தார்கள். அந்த 132 பந்துகளில் பும்ரா சந்தித்தவை 54. மீதி 78 ஜடேஜாவுக்கு. ஓவரின் தொடக்கத்தில் கிடைத்த ஒற்றை ரன்களை விட்டுவிட்டு, கடைசிப் பந்துகளில் ஒன்றை எடுத்து மறுமுனைக்கு வந்தார். இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் உருப்படியான கேள்வி எழுகிறது. இங்கிலாந்தின் ஆர்ச்சர், ஸ்டோக்ஸ் பந்துகளைத் தடுத்தாடியது சரி. வோக்ஸ், பஷீர், ரூட் ஓவர்களிலும் அதே கணக்குத்தானா? இதை வாதிடலாம், அடுத்த முறை மாற்றியும் ஆடலாம். ‘மந்தம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த ஆட்டக்காரரும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது.

பொத்தாம்பொதுவாகப் பேசும்போது பழி ஒருவர் தலையில் விழுவதும் சுலபம். அந்த டெஸ்டில் இந்தியா கொடுத்த எக்ஸ்ட்ரா ரன்கள் 63, இங்கிலாந்து கொடுத்தவை 30. வித்தியாசம் 33, தோல்வியோ 22 ரன்னில்.

பாராட்டுக்கும் இது பொருந்தும். முந்தைய நாள் சென்னையின் வாஷிங்டன் சுந்தர் 12.1 ஓவரில் 22 ரன்னுக்கு 4 விக்கெட் வீழ்த்தினார். ‘அபாரம்’ என்று எழுதினால் மகிழ்ச்சி. நான்குமே போல்டு என்று எழுதினால் பாடம். ரூட்டும் ஸ்டோக்ஸும் ஸ்வீப் ஆடப்போய் ஸ்டம்பைப் பறிகொடுத்தார்கள். கேட்சுக்குக் காத்திராமல் ஸ்டம்புக்கு நேராக வீசியதன் பலன் அது.

மதிப்புச் சொல் ஒன்று அளவாகவே மாறிய நல்ல உதாரணமும் கிரிக்கெட்டில் உண்டு. ‘குட் லென்த்’ என்பதில் ‘நல்ல’ இருக்கிறது. ஆனால் வேகப்பந்துவீச்சாளருக்கு அது ஸ்டம்பிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 8 மீட்டர். லார்ட்ஸில் அதுவும் போதாது. மைதானம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுமார் 2.5 மீட்டர் சரிகிறது. பெவிலியன் முனையிலிருந்து வீசும் பந்து வலக்கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே வரும். நர்சரி முனையிலிருந்து வெளியே போகும். எனவே ‘நல்ல பந்து’ என்பவர் எந்த முனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் கடைசி விக்கெட்டுக்கு எல்லோரும் சொன்ன சொல் ‘துரதிர்ஷ்டம்’. 30 பந்துகளைச் சந்தித்த சிராஜ், பஷீரின் பந்தைப் பின்காலில் நின்று சரியாகவே தடுத்தார். தரையில் விழுந்த பந்து சுழன்று பின்னால் உருண்டு ஸ்டம்பைத் தொட்டது, பெயில் விழுந்தது. விக்கெட்டைக் காக்கப் பந்தை இரண்டாம் முறை மட்டையாலோ காலாலோ தள்ளிவிட விதியில் இடமுண்டு. தடுத்த பிறகும் பந்திலிருந்து கண்ணை எடுக்காதிருப்பது வலைப்பயிற்சியில் பழகக்கூடிய வேலை.