ஓய்மாநாட்டைப் படிக்கிறேன்

கிடைத்த புத்தகத்தைக் கிடைத்த வரிசையில் படிக்கிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது: ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள், சில மாதம் அதைச் சுற்றியே படியுங்கள்! நான் எடுத்துக்கொண்ட பொருள், வேலைக்காக பஸ்ஸில் போய்வரும் வழிதான். விழுப்புரம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம். இந்த வழிக்கு இவ்வளவு புத்தகமா என்று இன்றுவரை வியப்பு தீரவில்லை.

தொடங்கியது சிறுபாணாற்றுப்படையில். நத்தத்தனார் பாடியது, மொத்தமே 269 அடி. பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு, திண்டிவனத்தைச் சுற்றியுள்ள நம்முடைய இந்தப் பகுதி! அவனுடைய ஊரான கிடங்கில், திண்டிவனத்துக்குள் இன்றும் கிடங்கல் என்ற பெயரோடு இருக்கிறது. பரிசு வாங்கி வரும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். சொல்லும் வழியெல்லாம் சாப்பாடு. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன். அந்தப் பட்டினம் மரக்காணம்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். இது கோட்டை இருக்கும் வேலூர் அல்ல, உப்புவேலூர் என்பார்கள். ஆமூரில் உழவர் வீட்டு வெள்ளைச் சோறும் நண்டும்.

இவ்வளவு விருந்துக்கும் முன்னால் நத்தத்தனார் ஒரு பட்டினி வீட்டைக் காட்டுகிறார். குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்புகூட இல்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களே என்று கதவை அடைத்துக்கொண்டு குடும்பமே பகிர்ந்து தின்கிறது. பசியையும் மானத்தையும் இதைவிடக் கூர்மையாகச் சொன்ன இடம் நான் படித்ததில் இல்லை. அதைப் படித்த பிறகு மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தேன். இவ்வளவு உப்பு விளையும் நாட்டுக்கு வழிகாட்டும் பாட்டிலா அந்த உப்பில்லாக் கீரை என்று மனசு அடித்துக்கொண்டது.

பொருள் வைத்துப் படிப்பதில் உள்ள சுகமே இதுதான். ஒரு புத்தகம் இன்னொன்றைக் கூப்பிடும். சிறுபாணாற்றுப்படை என்னை உ.வே.சா. 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பத்துப்பாட்டுக்கு அனுப்பியது. அங்கிருந்து மா. இராசமாணிக்கனாரின் பத்துப்பாட்டு ஆராய்ச்சிக்குப் போனேன். பிறகு பல்லவர். செஞ்சி சாலையில் இருக்கும் மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். பல்லவர் வரலாற்றைப் படித்த கையோடு அந்தக் குகைக்கோயில் முன் போய் நிற்பது என்ன ஒரு பேறு!

அடுத்து 18ஆம் நூற்றாண்டு. 1736 முதல் 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு ஒரு பக்கம், அதிலிருந்து பிரபஞ்சன் எழுப்பிய ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ மறுபக்கம். இரண்டையும் அருகருகே திறந்து வைத்துப் படித்துப் பாருங்கள். நாட்குறிப்பில் பிள்ளை ஓரிரண்டு வரியில் கடந்துபோகும் ஒரு மனிதருக்கு நாவலாசிரியர் எப்படி வீடும் வாசலும் கண்ணீரும் கொடுக்கிறார் என்பது புரியும். பிரஞ்சுக்காரர்கள் 1750-இல் பிடித்த செஞ்சிக் கோட்டை எனக்கு அதுவரை விடுமுறைக்கு ஏறும் மலை. இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று பேச எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

திட்டம் போடுவது எளிது. ஒரு பழைய நூல், அதற்கு ஓர் ஆராய்ச்சி, ஒரு நாவல், நேரில் பார்க்க ஓர் இடம். பட்டியலை முதலிலேயே நிரப்பிவிடாதீர்கள். பாதியை வெறுமையாக விடுங்கள், படிக்கும் புத்தகங்களே அதை நிரப்பும். பழைய பதிப்புகள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நூலகத்திலோ, “திண்டிவனம் பற்றி என்ன இருக்கு சார்?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் நூலகர் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

என் அடுத்த பொருள் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரரை இறைவன் ஓலை காட்டித் தடுத்தாட்கொண்ட ஊர். மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதம் தந்த ஊர். பெரியபுராணத்தை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு புத்தக வரிசை இருக்கும். இந்த வாரமே தேடத் தொடங்குங்கள்.