ஸ்டெப்னி இல்லாத கார்: எண்ணூர் ரோட்டுக்குப் பஞ்சர் கிட் போதுமா?

புதுக் கார் வாங்குகிறவர்கள் மைலேஜ், ஏர்பேக், தொடுதிரை என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். ஸ்டெப்னியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. டாடா டியாகோ இவி, எம்ஜி காமெட் போன்ற மின்சார கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. அதற்குப் பதில் ஒரு சின்ன கம்ப்ரசரும், ஓட்டையை அடைக்கும் வெள்ளைத் திரவக் குப்பியும் கொடுக்கிறார்கள்.

இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-இல் வந்த திருத்தத்தின்படி, ஓட்டுநரோடு சேர்த்து 9 பேருக்கு மேல் ஏறாத, 3.5 டன்னுக்கு மிகாத வண்டியில் டியூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ் எனும் டயர் அழுத்தக் கண்காணிப்பு, பஞ்சர் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை. தயாரிப்பாளர்களுக்கு இதில் எடை குறைகிறது, செலவு குறைகிறது, பேட்டரிக்கும் பெட்டிகளுக்கும் இடம் கிடைக்கிறது. அந்தக் காரணங்களை நான் மறுக்கவில்லை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கிட் போதுமா என்பதே என் கேள்வி.

இங்கே டயருக்கு என்ன ஆகிறது?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இரவும் பகலும் வரிசை கட்டி நிற்கும். மணலி அருகே சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குத் தகடும் கம்பியும் ஏற்றிய லாரிகள் போய்வரும். அவை சிந்திவிட்டுப் போகும் போல்ட், கம்பித் துண்டு, தகட்டுச் சில்லு எல்லாம் ரோட்டோரம் ஒதுங்கிக் கிடக்கும். டிரெய்லருக்கு வழிவிட்டு ஓரம் கட்டும் கார், சரியாக அவற்றின் மேல்தான் ஏறும். மழை பெய்தால் பள்ளம் எது, ரோடு எது என்று தெரியாது. தண்ணீருக்குள் இருக்கும் கான்கிரீட் விளிம்பில் மோதினால் டயரின் பக்கச்சுவர் கிழியும், அல்லது அங்கே புடைப்பு வரும்.

கிட்டைப் போட்டுப் பார்த்தேன்

திருவொற்றியூரில் ஒரு பஞ்சர் கடையில், கழித்துப் போட வைத்திருந்த டியூப்லெஸ் டயர்களில் கிட்டைச் சோதித்தேன். முதலில் டயர் தரையில் படும் பகுதியில் ஓர் ஆணி. ஆணியைப் பிடுங்காமல், குப்பியைக் கம்ப்ரசரில் பொருத்தி, குழாயை வால்வில் திருகி, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினேன். தொடங்கியதும் மீட்டர் முள் சட்டென்று மேலே ஏறியது. திரவம் வால்வுக்குள் தள்ளப்படும்போது அப்படித்தான் காட்டும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. சற்று நேரத்தில் முள் இறங்கி, பிறகு நிதானமாக ஏறி 33 பிஎஸ்ஐ வந்தது. கசிவு நின்றது. ஜாக்கி வேண்டாம், கையில் கிரீஸ் இல்லை. ரோட்டில் இதைச் செய்தால் உடனே சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, திரவம் உள்ளே பரவியபின் அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே போன திரவம் அப்படியே வெளியே பீறிட்டது. பல கிட்கள் 4 மில்லிமீட்டர் வரையுள்ள ஓட்டைக்குத்தான் உத்தரவாதம் தருகின்றன. பக்கச்சுவரில் போட்ட சிறிய கீறலிலும் காற்று நிற்கவில்லை. தரையில் படும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பி அடுக்குகள் இருக்கின்றன, அதனால் அடைப்பு பிடித்து நிற்கிறது. பக்கச்சுவரோ ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வது. எந்த அடைப்பும் அங்கே நிலைக்காது.

கடைக்காரர் அண்ணன் சொன்னார்: “ஆணின்னா ரெண்டு நிமிசம் சார். சைடுல கீறிக்கினு வந்தா நான் இன்னா பண்றது? டயரத்தான் மாத்தணும்.” திரவம் ஊற்றிய டயரை உள்ளே கழுவித் துடைத்தால்தான் பேட்ச் ஒட்டும் என்றும் சொன்னார். வீல் உள்ளே டிபிஎம்எஸ் சென்சார் இருந்தால் அதையும் சேர்த்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

டியூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ், கிட் என்று விதி கேட்கும் மூன்றில் என் முழு மதிப்பெண் டிபிஎம்எஸ்ஸுக்கு. ஆணி ஏறியதும் டயர் உடனே இறங்குவதில்லை. மெல்ல இறங்கும்போதே எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கடை திறந்திருக்கும் நேரத்திலேயே போய்ச் சேரலாம். கிட்டுக்கும் ஒரு பெரிய நன்மை உண்டு. நள்ளிரவில், டிரெய்லர்கள் உரசிப் போகும் ரோட்டில் உட்கார்ந்து வீல் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. தனியாக ஓட்டும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கிட் அந்த இடத்தைவிட்டு நகர வழி தருகிறது.

சின்ன ஸ்டெப்னி எப்படி?

சில கார்களில் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி வருகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, ஈர ரோட்டில் பிடிப்பும் குறைவு. பலவற்றுக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். மற்ற நான்குக்கும் காற்றுப் பிடிக்கும்போது இதைச் சேர்த்துப் பார்ப்பவர் அரிது. கழற்றிய பெரிய வீல் டிக்கியில் சின்ன ஸ்டெப்னிக்காக விட்ட பள்ளத்தில் அடங்காது. குடும்பத்தோடு திருப்பதி போகும் வழியில் பஞ்சரானால், பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். இருந்தாலும், பக்கச்சுவர் கிழிந்தாலும் வீடு சேர்க்கும் என்பதால் கிட்டைவிட இது மேல்.

என் தீர்ப்பு

அண்ணா சாலை, ஓஎம்ஆர் என்று நகருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்குக் கிட் போதும். குப்பியின் காலாவதித் தேதியை மட்டும் ஆண்டுதோறும் பாருங்கள். வடசென்னையில் குடியிருப்பவர்கள், மீஞ்சூர், பொன்னேரி வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் முழு அளவு ஸ்டெப்னி உள்ள காரையே எடுங்கள். ஏற்கெனவே கிட் கார் வாங்கியிருந்தால், அதே அளவில் ஒரு வீலும் டயரும் ஜாக்கியும் வாங்கி, வெளியூர்ப் பயணத்துக்காவது டிக்கியில் வையுங்கள். கம்ப்ரசரைத் தூக்கி எறிய வேண்டாம், காற்றுப் பிடிக்க அது என்றும் உதவும்.

இடமில்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. டாடா பஞ்ச் சிஎன்ஜியில் இரட்டைச் சிலிண்டரை டிக்கித் தரைக்குக் கீழே படுக்கவைத்து, ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் பொருத்தியிருக்கிறார்கள். மனம் வைத்தால் வழி இருக்கிறது.

1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1961-இல் டயர் செய்யத் தொடங்கியது இதே திருவொற்றியூரில்தான். டயர் தொழிலை இத்தனை காலமாக அறிந்த இந்த ஊர்க்காரர்கள் ஸ்டெப்னி கேட்டால் அதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கக் கூடாது. ஸ்டெப்னி இல்லாத ஒவ்வொரு மாடலுக்கும், கூடுதல் விலைக்காவது, முழு அளவு வீலையும் அதை வைக்க இடத்தையும் தர வேண்டும் என்று விதியைத் திருத்த வேண்டும். வேண்டாம் என்பவர் விட்டுவிடட்டும். வேண்டும் என்பவருக்குக் கிடைக்க வேண்டும்.