அரசர் முகமும் குடிகள் பாட்டும்: ஒரு கணினி விளையாட்டின் இசை குறித்து

திரையிசையைத் திறனாய்வுக்குரிய பொருளாக ஏற்கவே நம் தமிழ்த்துறைகள் நெடுங்காலம் தயங்கின. கணினி விளையாட்டின் இசையோ இன்னும் வாயிலுக்கு வெளியேதான் நிற்கிறது. ஆயினும் நம் வகுப்பறைக்கு வரும் மாணவருள் சிலர் மகா பீட்டரையும் சின் சி ஹுவாங்கையும் முதலில் அறிந்துகொண்டது பாடநூலின் வழியாக அன்று. 'சிவிலைசேஷன்' என்னும் விளையாட்டின் வழியாகத்தான். அரசரின் முகத்தோடு ஒரு மெட்டும் அவர்கள் நினைவில் பதிந்துவிடுகிறது. அம்மெட்டு அவ்வரசரின் வாழ்வைப் பிரதிபலிக்கிறதா என்னும் வினாவை, 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஆறாம் பதிப்பைக் கொண்டு ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

விளையாட்டின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஆட்டம் கி.மு. 4000இல் தொடங்கி கி.பி. 2050 வரை நீளக்கூடியது. இத்தனை ஆண்டுகளிலும் தலைவர் மூப்பதில்லை, இறப்பதுமில்லை. 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு தலைவருக்கும் அமைதிக்கால இசை ஒன்றும் போர்க்கால இசை ஒன்றும் இருந்தன. அரசன் பகைத்தால் இசையும் பகைத்தது. ஆறாம் பதிப்பில் இசையமைப்பாளர் ஜெஃப் நோர் வேறொரு முறையைக் கையாண்டார். நாகரிகத்திற்கு ஒரு மெட்டு. அது பண்டைக்காலம், இடைக்காலம், தொழிற்காலம், அணுக்காலம் என நான்கு வடிவங்களில் வளர்கிறது. சில கருவிகளோடு தொடங்கும் மெட்டு பெரும் பல்லியமாக முடிகிறது. கேட்பதற்கு இது பேரின்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இசை இப்போது அரசனைப் பின்தொடரவில்லை, தொழில்நுட்பத்தைப் பின்தொடர்கிறது. இதை ஓர் இழப்பாகவே நாம் கருதுகிறோம்.

இவ்விழப்பின் அளவை இந்தியப் பகுதியில் காணலாம். காந்தியடிகள் தலைமையேற்ற இந்தியாவுக்கு 2018இல் வந்த விரிவாக்கம் சந்திரகுப்த மௌரியரையும் தலைவராக்கியது. மெட்டு மாறவில்லை. படைகொண்டு பேரரசு நிறுவியவருக்கும், அரசுப்பதவி எதையும் ஏற்காதவருக்கும் ஒரே இசை! (சந்திரகுப்தர் சரவணபெளகொளாவில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் என்னும் சமண மரபை எண்ணினால், நோன்பு இருவரையும் இணைக்கிறது எனலாம். ஆனால் விளையாட்டு அதை எண்ணிச் செய்ததாகத் தோன்றவில்லை.)

உருசியாவுக்கு வருவோம். தலைவர் பீட்டர், மெட்டு 'கலிங்கா'. இஃது இவான் லாரியோனோவ் 1860இல் இயற்றிய பாடல். பீட்டர் மறைந்ததோ 1725இல். காலம் பிழைத்தது என்று குறைகூறுவது மட்டும் நம் நோக்கமன்று. பீட்டரின் வாழ்வில் அவருக்கே உரிய இசை இருந்தது என்பதே நாம் சுட்ட விரும்புவது. அவர் மேளம் கொட்டுவதில் பெருவிருப்புடையவர். 1709இல் பொல்தாவாவில் சுவீடனை வென்றபோது அவ்வெற்றியைப் புகழ்ந்து 'கான்ட்' எனப்படும் மூன்று குரல் பாடல்கள் பாடப்பட்டன. அரசனைப் போற்றும் இசை ஆயத்தமாக இருக்க, உலகம் உருசியா என்றவுடன் முணுமுணுக்கும் பாட்டே தேர்ந்துகொள்ளப்பட்டது.

சீனப்பகுதி இன்னும் ஆழமாக நோக்கத்தக்கது. அங்கு ஒலிப்பது 'மோ லி ஹுவா' என்னும் மல்லிகைப்பூப் பாட்டு. ஜான் பாரோ 1804இல் வெளியிட்ட சீனப் பயணநூல் வாயிலாக ஐரோப்பாவுக்கு அறிமுகமாகி, 1926இல் அரங்கேறிய புச்சினியின் 'துராந்தோத்' இசைநாடகத்தால் உலகப்புகழ் பெற்ற மெட்டு அது. கி.மு. 221இல் சீனத்தை ஒன்றிணைத்த முதற்பேரரசரின் முகத்தின் பின்னே, பிற்காலத்தார் காதால் கேட்டறிந்த சீனமே ஒலிக்கிறது.

இப்பேரரசரின் வாழ்விலோ இசை ஒரு கொலைக்கருவியாகவே நுழைந்திருக்கிறது. சீமா சியென் தம் வரலாற்று நூலில் காவ் சியென்லி என்னும் இசைஞரைப் பற்றிக் கூறுகிறார். அவர் 'சூ' என்னும், நரம்புகளைக் கோலால் தட்டி இசைக்கும் கருவியில் வல்லவர். பேரரசரைக் கொல்ல முயன்று மாண்ட சிங் கோவின் நண்பர். அவரை இன்னாரென அறிந்த பின்னும் அவர் இசையை இழக்க மனமின்றி, பேரரசர் அவர் கண்களை மட்டும் குருடாக்கி அவையில் வைத்துக்கொண்டார். நாளடைவில் அருகமர்த்திக் கேட்கலானார். ஒருநாள் காவ் சியென்லி கருவிக்குள் ஈயத்தை நிரப்பி அதனாலேயே பேரரசரைத் தாக்கினார். அடி தவறியது, அவர் கொல்லப்பட்டார். அதன்பின் வென்றடக்கிய நாடுகளைச் சேர்ந்தோரைப் பேரரசர் தம்மருகே அண்டவிடவில்லையாம். ஆசையும் அச்சமும் கலந்து இசை கேட்ட ஓர் அரசரின் செவியை மல்லிகைப்பூ எவ்வாறு காட்டும்?

இங்ஙனம் கூறுவதால் நோரின் தேர்வுகள் யாவும் பொருந்தாதவை என்று கொள்ளவேண்டுவதில்லை. அமெரிக்காவின் தியோடர் ரூசுவெல்ட்டுக்கு அவர் சூட்டியது, வறியோரின் துயரைப் பாடும் ஸ்டீபன் ஃபாஸ்டரின் 1854ஆம் ஆண்டுப் பாடல். ஆண்டவரின் படத்திற்குக் கீழே ஆளப்பட்டவரின் குரல் கேட்கிறது. அரசவரலாறாக மட்டுமே அமைந்த விளையாட்டில் குடிகளுக்குக் கிடைத்த இடம் இசை ஒன்றே எனலாம்.

கிரேக்கத்தில் வியப்பானதொன்று நிகழ்கிறது. அதன் மெட்டு செய்கிலோசின் கல்லறைப் பாடல். இன்றைய துருக்கியின் அய்தின் அருகே கிடைத்த நடுகல் தூணில் குறியீட்டோடு பொறிக்கப்பட்டது. முழுமையாகக் கிடைத்துள்ள இசைப்பாடல்களுள் மிகப் பழையது. தலைவர் பெரிக்கிளீசுக்கு அது சில நூற்றாண்டு பிந்தியது. ஆனால் ஏதென்சைக் கொள்ளைநோய் சூறையாடியபோது அவர் தம் மைந்தர் இருவரையும் இழந்தார், கி.மு. 429இல் தாமும் மாண்டார். இளைய மகனின் உடல்மீது மாலை வைக்கையில் அதுவரை கலங்காதவர் கதறி அழுதார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். வாழ்நாளின் குறுமையைச் சொல்லும் அக்கல்லறைப் பாட்டு, தற்செயலாகவேனும், அவர் வாழ்வைத் தொட்டுவிடுகிறது. இதே மெட்டு ஸ்பார்த்தாவின் கோர்கோவுக்கும் உரியது. அவர் தெர்மோபிலையில் கணவர் லியோனிடாசை இழந்தவர். ஆறாம் பதிப்பில் இசையும் வாழ்வும் சந்திக்கும் இடமாக நமக்குத் தென்பட்டது இஃது ஒன்றே.

தமிழ் மாணவருக்கு இதனை விளக்க மெய்க்கீர்த்தி உதவும். முதலாம் இராசராசன் தொடங்கிவைத்த மெய்க்கீர்த்தியும் நோரின் மெட்டைப்போலவே ஆண்டுதோறும் வளர்ந்தது. ஆனால் அங்கே வளர்ச்சிக்குக் காரணம் செயல். புதிய வெற்றி வந்தால் புதிய அடி சேரும். அதனாலேயே ஆண்டு சிதைந்த கல்வெட்டுக்கும் அறிஞர் காலம் குறிக்க முடிகிறது. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் 1025ஆம் ஆண்டின் கடாரப் படையெடுப்பு இடம்பெற்றதும் அவ்வாறே. மெய்க்கீர்த்தி குடிகளைப் பாடாது. விளையாட்டின் மெட்டு அரசனைப் பாடாது. இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் மாணவர் ஒவ்வொன்றின் மௌனத்தையும் கேட்கக்கூடும்.

2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பதிப்பில் சோழரும் ஒரு நாகரிகமாக இடம்பெற்றுள்ளனர். ஆயின் அதில் தலைவர் வேறு, நாகரிகம் வேறு. சோழநாட்டை அசோகர் ஆளலாம். பெஞ்சமின் பிராங்க்ளினும் ஆளலாம். கடாரம் இருந்த கெடாவில் அமர்ந்து அதனை விளையாடும் நம் மாணவன், கங்கைகொண்டவனின் வாழ்வை அவ்விசையில் தேடினால், முதலில் அவ்வரியணையில் யார் அமர்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.