'பவர் பத்தாது' என்னும் தீர்ப்பு

கார் விமர்சனமும் ஒரு எழுத்து வகைதான். சினிமாவையும் விளம்பரத்தையும் பாடநூலையும் பெண்ணியப் பார்வையில் வாசிக்கப் பழகிய நாம், இந்த எழுத்தை மட்டும் ஆண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். ஆங்கில மோட்டார் இதழ்களை நீண்ட காலமாக வாசித்துவருபவள் நான். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தீர்ப்பை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். விலை குறைந்த, எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் எது வந்தாலும் அதன் தலையில் எழுதப்படும் தீர்ப்பு அது: எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பவர் பத்தாது.

இந்தத் தீர்ப்பை அதிகம் சுமந்த கார் ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டே இருக்கைகள், திறந்து மூடும் கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 14,000 டாலருக்கும் கீழே. 2016-இல் பத்து லட்சமாவது கார் தயாரானது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகில் அதிகம் விற்றது இதுதான். விமர்சகர்கள் இதன் ஸ்டீயரிங்கைப் புகழ்ந்தார்கள், கியர் விழும் லாகவத்தைப் புகழ்ந்தார்கள், வளைவில் அது நடந்துகொள்ளும் விதத்தைப் புகழ்ந்தார்கள். அப்புறம் ஒரு 'ஆனால்' போட்டார்கள். இந்தக் கார் இந்தியச் சந்தைக்கு வந்ததில்லை. நான் பேசப்போவது அதை ஓட்டிய அனுபவத்தைப் பற்றி அல்ல, அந்த 'ஆனா'லைப் பற்றி.

அந்த 'ஆனா'லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனில் இந்தக் காருக்கு 'ஹேர்டிரெஸ்ஸர் கார்' என்று பட்டப்பெயர். நம் பேச்சில் சொன்னால் 'பியூட்டி பார்லர்காரி வண்டி'. அமெரிக்காவில் 'சிக் கார்', அதாவது 'பொம்பள வண்டி'. ஒரே சொல்லில் மூன்று பேருக்கு அடி விழுகிறது. பெண் ஓட்டுவதாலேயே கார் தரம் தாழ்ந்துவிடுகிறது. நாள் முழுக்க நின்று உழைத்து, தன் கூலியில் தனக்குப் பிடித்த காரை வாங்கும் பெண் கேலிப்பொருள் ஆகிறாள். அதே காரை வாங்கும் ஆணின் 'ஆண்மை' சந்தேகத்துக்கு உள்ளாகிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஏறும் பையனை 'லேடீஸ் வண்டியா ஓட்டுற?' என்று கேட்கும் நம் தெருவுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல.

பவர் பத்தாது என்று சொல்பவர்கள் எல்லோரும் பெண்களை இழிவுபடுத்துகிறார்கள் என்பது என் வாதம் அல்ல. அந்தக் குறையில் எவ்வளவு பொறியியல், எவ்வளவு அந்தஸ்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் பொறியியல். குதிரைத்திறன் கூடினால் நேர்ச்சாலையில் வேகம் சீக்கிரம் ஏறும். எடை குறைந்தாலோ வேகம் ஏறுவது, நிற்பது, திரும்புவது எல்லாமே எளிதாகும். டயர் தேய்மானமும் எரிபொருள் செலவும் குறையும். 184 குதிரைத்திறன் கொண்ட இன்றைய எம்எக்ஸ்-5-இன் கியர் விகிதங்களைக் கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டாம் கியரிலேயே எஞ்சினை அதன் உச்சச் சுழற்சி வரை கொண்டுபோகும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டரைத் தொடுகிறது. பிரிட்டனின் இருவழிக் கிராமச் சாலைகளில் பொதுவான உச்சவரம்பு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். ஆக, ஆறு கியர்களில் இரண்டைப் பயன்படுத்தி முடிக்கும்போதே சட்டம் வந்து நிற்கிறது. 400 குதிரைத்திறன் காரும் அதே இடத்தில்தான் நின்றாக வேண்டும். அந்தக் காரின் ஆற்றலில் பெரும்பகுதி அந்தச் சாலையில் வெறும் பேச்சாகவே மிஞ்சும்.

குறை உண்மையாக இருந்த இடமும் உண்டு. 2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய 86, பிஆர்இசட் இரட்டையர்கள் 200 குதிரைத்திறனுடன் வந்தார்கள். அதில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றை ஒட்டிய இடத்தில், அன்றாட ஓட்டத்தில் அதிகம் தேவைப்படும் அந்த இடத்தில், இழுவிசை தொய்ந்துபோனது. மேட்டில் ஏறும்போதும் நெடுஞ்சாலையில் நுழையும்போதும் ஓட்டுபவருக்கு அது தெரியும். 2021-இல் 2.4 லிட்டர் எஞ்சின் வந்தது. 235 குதிரைத்திறன் என்பதே தலைப்புச் செய்தியானது. உண்மையான திருத்தம் வேறு. முன்பு உச்ச இழுவிசை கிடைக்க 6,400 சுற்று வரை போக வேண்டும். இப்போது அதைவிட அதிக இழுவிசை 3,700 சுற்றிலேயே கிடைத்தது. தேவை நடுவில் இருந்தது. கூச்சல் உச்சத்தைப் பற்றியே இருந்தது. 'எங்கே பத்தவில்லை' என்று கேட்டிருந்தால் விமர்சனம் ஆகியிருக்கும். 'பத்தாது' என்று மட்டும் சொன்னதால் அது அளவுகோல் சண்டையாகிப் போனது.

இனி விலை. ஒரு சிறிய காருக்குப் பவரை மட்டும் தனியாகக் கூட்ட முடியாது. கூடுதல் பவருக்குப் பெரிய பிரேக் வேண்டும், அகலமான டயர் வேண்டும், வலுவான கியர்பெட்டி வேண்டும், பெரிய ரேடியேட்டர் வேண்டும். எல்லாம் சேர்ந்து எடை கூடும். எடை கூடினால் அதை இழுக்க மறுபடியும் பவர் வேண்டும். விலையும் காப்பீட்டுத் தொகையும் கூடவே ஏறும். ஆண்களைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவர்கள் பெண்கள். குடும்பச் செலவு போக மிஞ்சும் பணம் அவர்களிடம் இன்னும் குறைவு. 'இன்னும் கொஞ்சம் பவர்' என்ற ஆசைக்கான பில், கேட்டவரின் மேசைக்கு மட்டும் வருவதில்லை. விலை ஏறும்போது வரிசையிலிருந்து முதலில் விலகுபவள் அந்தப் பார்லர்காரிதான். அவளைக் கேலி செய்த சொல் பிறகு அவளை வெளியேற்றவும் செய்கிறது.

2018-இல் மாஸ்டா இந்தக் குறைக்குப் பதில் சொன்ன விதம் சுவாரசியமானது. 2 லிட்டர் எஞ்சின் 160-லிருந்து 184 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. டர்போ எதுவும் வைக்கவில்லை. பிஸ்டன்களிலும் கனெக்டிங் ராடுகளிலும் கிராம் கணக்கில் எடையைக் குறைத்து, எஞ்சினை 7,500 சுற்று வரை சுழல விட்டார்கள். எடையைக் குறைத்தே பவரைப் பெற்றார்கள். அந்த வேலையைப் பாராட்டுகிறேன். ஆனால் அதே ஆண்டு அதே காரில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி முதன்முறையாக வந்தது. நகரும் தூரம் மொத்தமே சுமார் 3 சென்டிமீட்டர்.

இதை யோசித்துப் பாருங்கள். 1989 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், ஓட்டுபவரின் உடலுக்காகவே வடிவமைக்கப்பட்டதாகக் கொண்டாடப்பட்ட ஒரு காரில், ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் இடையிலான தூரத்தை இருக்கையை நகர்த்தாமல் மாற்ற முடியாது. இருக்கையை நகர்த்தினால் கிளட்ச் எட்டும் தூரமும் மாறிவிடும். கால் எட்ட வேண்டும், கையும் மடங்கி நிற்க வேண்டும். தொழிற்சாலை மனதில் வைத்திருந்த அளவில் இல்லாத உடல், இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் உட்கார வேண்டும். குட்டையான பெண்ணுக்கும் இது பிரச்சினை, மிக உயரமான ஆணுக்கும் பிரச்சினை. இருந்தும் பரபரப்பாகப் பேசப்பட்டது 24 குதிரைத்திறனைப் பற்றித்தான். அந்த 3 சென்டிமீட்டர் வசதிப் பட்டியலில் ஒரு வரியாக நின்றது. எது 'தேவை' எனப் பெயர் பெறுகிறது, எது 'வசதி' எனச் சுருங்குகிறது என்பதில் இருக்கிறது இந்த எழுத்து வகையின் அரசியல்.

இங்கே நமக்கும் ஒரு பொறி இருக்கிறது. குறைந்த பவர் பெண்களுக்கு ஏற்றது, பெண்கள் மென்மையாக ஓட்டுவார்கள் என்று இந்தக் காருக்கு வக்காலத்து வாங்கினால் அதே இழிசொல்லுக்கு நாம் பூச்சூட்டியதாகிவிடும். பாட் மாஸை நினைத்துக்கொள்வோம். 1960-இல் லியேஜ்-ரோம்-லியேஜ் என்ற கடும் ராலியில் ஆன் விஸ்டமைத் துணை ஓட்டுநராகக் கொண்டு, 2.9 லிட்டர் ஆஸ்டின்-ஹீலி 3000 காரில் ஆண்கள் பெண்கள் எல்லோரையும் முந்தி வென்றவர். 1962-இல் அதே இருவரும் டூலிப் ராலியை வென்றது 55 குதிரைத்திறன் கொண்ட மினி கூப்பரில். மினி கூப்பரின் முதல் பெரிய சர்வதேச வெற்றி அது. ஆனால் மினியின் புகழ் என்றால் உலகம் நினைவுகூர்வது 1964 மான்டே கார்லோ ராலியில் பாடி ஹாப்கிர்க் பெற்ற வெற்றியை. பெரிய எஞ்சினும் அவருக்கு அடங்கியது, சின்ன எஞ்சினும் அவருக்கு வென்று கொடுத்தது.

பெண்களின் திறமையைச் சந்தேகித்தவர்களிடம் அதிகாரமும் இருந்தது. 1956-இல் ரெய்ம்ஸ் பந்தயத்தில் ஆனி பூஸ்கே இறந்தபின், லெ மான் அமைப்பாளர்கள் 1971 வரை பெண்களை ஓட்டவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அதே லெ மானில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அதற்காக யாரும் ஆண்களைத் தடை செய்யவில்லை.

எனவே விலை குறைந்த, எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னும் பவர் வேண்டுமா என்று கேட்டால் என் பதில் இது: இழுவிசை தொய்கிற இடத்தில் அதைச் சரிசெய்யட்டும், எடையைக் குறைத்துப் பவர் கிடைத்தால் எடுத்துக்கொள்ளட்டும். விலையையும் எடையையும் ஏற்றித்தான் கிடைக்கும் என்றால் வேண்டாம். இருக்கும் ஆற்றல் முழுவதையும் தன் கையாலும் காலாலும் பயன்படுத்தி ஓட்டும் இன்பம் இரண்டாம் தரமானது என்று ஒப்புக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. அந்த இன்பத்தைத் தன் சம்பளத்தில் வாங்க முடிவது சின்ன விஷயமும் அல்ல.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். கார், பைக், செல்போன், மடிக்கணினி, எதைப் பற்றிய விமர்சனமாக இருந்தாலும் 'பத்தாது' என்ற சொல்லைக் கண்டால் அடிக்கோடிடுங்கள். எந்தச் சாலையில் பத்தாது, எந்த உடலுக்குப் பத்தாது, யாருடைய சம்பளத்தில் அதைச் சரிசெய்யப் போகிறார்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். இந்த மூன்றுக்கும் விமர்சகரிடம் பதில் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள். இல்லையென்றால் அங்கே நடப்பது காரைப் பற்றிய பேச்சு இல்லை.